புரோட்டானும் கார்பனும் இருக்கும்போது கீமோ எதற்கு?

புரோட்டான், கார்பன் மாதிரியான துகள் கதிர்வீச்சு சாதாரண எக்ஸ்-கதிரைவிட வலுவானது என்கிறார்களே, பிறகு அதோடு கீமோவையும் ஏன் சேர்த்துத் தருகிறார்கள், சேர்த்தால் புற்றுநோய்ச் செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். மாமாவுக்குத் தொண்டைப் புற்று, வாராவாரம் சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தோடு கதிர்வீச்சு என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், உறவினர்கள் புரோட்டானுக்குப் போகச் சொல்கிறார்கள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். நான் கதிர்வீச்சுத் துறையில் மருத்துவ இயற்பியலாளர். டோஸ் கணக்குப் போடுவதுதான் என் வேலை, மருந்து எழுதுவது அல்ல. அந்த இடத்தில் இருந்துகொண்டு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

துகள் கதிர்வீச்சு என்று ஒரே பெயரில் சொன்னாலும் புரோட்டானையும் கார்பனையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டுக்கும் பொதுவானது ஒன்றுதான்: போகிற வழியில் ஆற்றலைக் கொஞ்சமாகச் செலவழித்து, நிற்கப்போகும் இடத்தில் மொத்தமாகக் கொட்டிவிட்டு நின்றுவிடும். இயற்பியலாளர் வில்லியம் பிராக் 1900-களின் தொடக்கத்திலேயே ஆல்ஃபா துகள்களில் இதைக் கண்டார். சிகிச்சைக்குப் பயன்படுத்தலாம் என்று ராபர்ட் வில்சன் 1946-இல் எழுதினார். 1954-இல் அமெரிக்காவின் பெர்க்லியில் முதல் நோயாளிக்குப் புரோட்டான் தரப்பட்டது. எக்ஸ்-கதிர் அப்படியல்ல. தோலுக்குச் சற்று அடியில் உச்சத்தைத் தொட்டுவிட்டு, கட்டியையும் கடந்து, மறுபக்கம் வெளியேறும்வரை வழியெல்லாம் டோஸைப் போட்டுக்கொண்டே போகும். 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள புரோட்டான் தண்ணீரில் 32, 33 சென்டிமீட்டர் போய் நிற்கும். ஆற்றலை 70-க்கு இறக்கினால் 4 சென்டிமீட்டரிலேயே நின்றுவிடும். எந்த ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை ஆற்றலை வைத்தே நாங்கள் தீர்மானிக்கிறோம்.

சரி, நின்ற இடத்தில் அது எவ்வளவு சேதம் செய்கிறது? புரோட்டானின் உயிரியல் வலு எக்ஸ்-கதிரைவிட வெறும் 10 சதவீதம்தான் கூடுதல். உலகம் முழுக்க 1.1 என்ற எண்ணை வைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். பாதை முடிகிற கடைசி சில மில்லிமீட்டரில் அந்த எண் இன்னும் ஏறும், ஆனால் கட்டி முழுவதற்கும் அது பொருந்தாது. கார்பன் அயனிக்கோ உச்சப் பகுதியில் அது 2 முதல் 3 வரை போகிறது. ஆகவே புரோட்டானின் பலம் பெரும்பாலும் டோஸ் விழும் வடிவத்தில் இருக்கிறது. செல்லுக்குள்ளும் வேறு மாதிரி வேலை செய்வது கார்பன்தான். கீமோவைப் பற்றிய உங்கள் கேள்விக்கு இந்த வித்தியாசம் மிகவும் முக்கியம்.

1 கிரே (கதிர் டோஸை அளக்கும் அலகு) எக்ஸ்-கதிர் ஒரு செல்லில் பட்டால் டிஎன்ஏவின் ஒற்றை இழையில் சுமார் 1,000 முறிவுகள் விழும். இரண்டு இழைகளும் சேர்ந்து முறியும் இரட்டை முறிவுகள் 20 முதல் 40 வரை விழும். இதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நேரடி அடியால் வருவதல்ல. கதிர் செல்லில் இருக்கும் தண்ணீரைப் பிளந்து ஹைட்ராக்சில் என்ற மூர்க்கமான துணுக்கை உண்டாக்குகிறது, அது போய் டிஎன்ஏவைத் தாக்குகிறது. முறிவுகள் இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதால், பழுதுபார்க்கும் நொதிகள் சில மணி நேரத்தில் பெரும்பாலானவற்றை ஒட்டிவிடும். பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தால் முறிவு நிலைத்துவிடும், இல்லாவிட்டால் எளிதில் சரியாகிவிடும். பெரிய கட்டியின் நடுவில் இரத்தம் சரியாகப் போகாத இடங்களில் ஆக்சிஜன் இல்லாமல் வாழப் பழகிய செல்கள் இருக்கும். அவற்றைக் கொல்ல எக்ஸ்-கதிர் கிட்டத்தட்ட 3 மடங்கு டோஸ் கேட்கும்.

கார்பன் அயனி பாதை முடியும் இடத்தில் அடர்ந்த ஒரு தடம் போட்டுக்கொண்டு போகிறது. டிஎன்ஏ ஏணியின் படிகளான கார இணைகள் பத்து இருபதுக்குள்ளேயே பல முறிவுகள் ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக விழும். சேலையில் நான்கு இடத்தில் தனித்தனியாகக் கிழிந்தால் தைத்துவிடலாம், ஒரே விரற்கடை அகலத்தில் தாறுமாறாகக் கிழிந்தால் ஊசி குத்தவே துணி இருக்காது அல்லவா, அந்த நிலைதான். ஹைட்ராக்சிலை நம்பி இந்தச் சேதம் இல்லை என்பதால் ஆக்சிஜன் இல்லாத செல்லும் அவ்வளவு எளிதில் தப்புவதில்லை. எக்ஸ்-கதிரை ஓரளவு தாங்கிக்கொள்ளும், டிஎன்ஏவைப் படியெடுத்துக்கொண்டிருக்கும் கட்டத்தில் உள்ள செல்லுக்கும் இங்கே பெரிய சலுகை கிடையாது.

இனி மருந்துக்கு வருவோம். 1965-இல் பார்னெட் ரோசன்பெர்க், மின்புலத்தில் பாக்டீரியா எப்படி வளர்கிறது என்று மிச்சிகனில் சோதித்துக்கொண்டிருந்தார். பிளாட்டினம் மின்முனையிலிருந்து கரைந்து வந்த ஒரு சேர்மம் பாக்டீரியாவைப் பிரியவிடாமல் தடுப்பதைக் கண்டார். அந்த வழியில் வந்ததுதான் சிஸ்பிளாட்டின். 1978-இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. டிஎன்ஏவில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் குவானின் என்ற கார எழுத்துகள் இரண்டைப் பிளாட்டினம் ஒன்றாகப் பிணைத்து, இழையையே வளைத்துவிடும். செல் அந்த வளைவை வெட்டி எடுத்துச் சரிசெய்யப் பார்க்கும். அதே நேரத்தில் எக்ஸ்-கதிர் போட்ட முறிவுகளும் இருந்தால் பழுதுபார்க்கும் அமைப்பு திணறிப்போகும். தனியாக வந்திருந்தால் ஒட்டப்பட்டிருக்கக்கூடிய முறிவு ஒட்டப்படாமலே நின்றுவிடும். கதிர்வீச்சோடு சேர்த்துக் கொடுக்கும் சிஸ்பிளாட்டினின் முதல் வேலை இதுதான்: கதிரின் அடியைச் செல் சமாளிக்க முடியாமல் செய்வது. 1999-இல் கருப்பை வாய்ப் புற்றில் ஐந்து பெரிய ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டியதும், அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் டாக்டர்களுக்கு அவசர அறிவிப்பே விட்டது. அதற்குப் பிறகு உலகின் பல மூலைகளில் சிகிச்சை முறை மாறியது.

புரோட்டானின் உயிரியல் எக்ஸ்-கதிருக்கு மிக அருகில் இருப்பதால் அங்கேயும் இதே கதைதான். அதே மருந்து, அதே அளவு, அதே நாள் கணக்கு. மாமாவுக்கு லினாக்கில் (வழக்கமான எக்ஸ்-கதிர் இயந்திரம்) கொடுத்தாலும் புரோட்டானில் கொடுத்தாலும், கட்டிக்குள் இருக்கும் புற்றுநோய்ச் செல்லுக்கு நடப்பதில் பெரிய வேறுபாடு இருக்காது. உறவினர்களிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். புரோட்டான் எடுத்தால் கீமோ வேண்டாம் என்று யாராவது சொன்னால் அது தவறு.

கார்பனில்தான் கணக்கு மாறுகிறது. ஆய்வுக்கூடத்தில் செல்களை வளர்த்து கார்பனையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த சோதனைகளில், பெரும்பாலும் இரண்டின் விளைவும் கூட்டலாகத்தான் வருகிறது, ஒன்று மற்றொன்றைப் பெருக்குவதாக அல்ல. காரணம் புரியக்கூடியதே. மருந்து செய்வது பழுதுபார்ப்பைத் தடுப்பது. பழுதுபார்க்கவே முடியாத சேதத்தில் தடுப்பதற்கு மிச்சம் குறைவு. அப்படியானால் கார்பனோடு கீமோ வீணா என்றால், இல்லை. அங்கே மருந்துக்கு வேறு வேலை இருக்கிறது. கதிர் எவ்வளவு வலுவாக இருந்தாலும் நாங்கள் கோடு போட்ட எல்லைக்குள்தான் அது விழும். ஸ்கேனில் தெரியாமல் கல்லீரலிலோ வயிற்று உறையிலோ பதுங்கியிருக்கும் நாலு செல்லை அது தொடவே தொடாது. இரத்தத்தோடு போகும் மருந்துதான் அங்கே போக முடியும்.

கணையப் புற்று இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அறுவை செய்ய முடியாத அளவுக்கு இரத்தக் குழாய்களைச் சுற்றிக்கொண்ட கட்டி, சுற்றிலும் குடல், உள்ளே ஆக்சிஜன் குறைவு, கூடவே சீக்கிரம் பரவும் குணம். ஜப்பானில் சீபா நகரில் 1994-லிருந்து கார்பன் சிகிச்சை தருகிறார்கள். அங்கே இத்தகைய நோயாளிகளுக்கு மூன்று வாரத்தில் 12 சிட்டிங் கார்பனையும், வாராவாரம் ஜெம்சிடபின் என்ற கீமோ மருந்தையும் சேர்த்துக் கொடுத்தார்கள். இரண்டின் அளவையும் படிப்படியாக ஏற்றிப் பார்த்தார்கள். 2016-இல் வெளியான அந்த ஆய்வில் 76 பேர். மொத்தத்தில் இரண்டு ஆண்டு உயிரோடு இருந்தவர்கள் 35 சதவீதம், அதிக டோஸ் பெற்ற பிரிவில் 48 சதவீதம். இந்த நோயை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய எண் என்று தெரியும். ஒப்பிட்டுப் பார்க்க எதிர்ப்பிரிவு இல்லாத ஆய்வு என்பதையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். கருப்பை வாயில் சுரப்பிச் செல்களில் தொடங்கும் அடினோகார்சினோமா என்ற புற்று சாதாரண கதிருக்கு அவ்வளவாகப் பணியாது. அதற்கும் கார்பனோடு வாராந்திர சிஸ்பிளாட்டின் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

மருந்தும் துகளும் ஒன்றில்லாமல் மற்றொன்று இல்லை என்கிற அளவுக்குப் பிணைந்த சிகிச்சையும் ஒன்று உண்டு. போரான்-10 சேர்த்த மருந்தை நோயாளிக்கு ஏற்றி, அது கட்டியில் சேர்ந்ததும் நியூட்ரான் கற்றையைப் பாய்ச்சுவார்கள். நியூட்ரானை விழுங்கிய போரான் அந்த இடத்திலேயே உடைந்து ஹீலியம், லித்தியம் என்று இரண்டு துண்டாகிவிடும். அந்தத் துண்டுகள் பயணிக்கும் தூரம் 10 மைக்ரானுக்கும் குறைவு, அதாவது ஒரு செல்லின் அகலம். போரான் இல்லாத பக்கத்துச் செல் பெரும்பாலும் தப்பிவிடும். 1936-இல் கோர்டன் லோச்சர் சொன்ன யோசனை இது. முடுக்கி வைத்துச் செய்யும் வடிவத்துக்கு ஜப்பான் 2020-இல் தலை, கழுத்துப் புற்றில் அனுமதி கொடுத்தது. இது வழக்கமான கீமோ அல்ல. ஆனாலும் இரண்டையும் சேர்ப்பது என்பதன் முழு வடிவம் என்றால் எனக்கு நினைவுக்கு வருவது இதுதான்.

இதுவரை சொன்னது எல்லாம் புற்றுநோய்ச் செல்லின் பக்கம். என்னைக் கேட்டால், துகளையும் கீமோவையும் சேர்ப்பதில் உள்ள உண்மையான லாபம் நல்ல செல்களின் பக்கம்தான் இருக்கிறது. கீமோவும் கதிரும் ஒரே இடத்தில் அடிப்பவை. வாய்ச் சவ்வு, உணவுக்குழாய், எலும்பு மஜ்ஜை, குடல் எல்லாமே இரண்டுக்கும் பொதுவான இலக்கு. வாய்ப்புண் பெருகி, தண்ணீர் இறங்காமல், வெள்ளணு குறைந்து, ஐந்தாவது வாரம் ஊசியை நிறுத்த வேண்டி வருவது சாதாரணமாக நடப்பது. பாதியில் நின்ற கீமோ முழுப் பலன் தராது. நல்ல திசுவுக்குப் போகும் கதிர் குறைந்தால், அந்தத் திசு மருந்தைத் தாங்கும். மருந்தைத் தாங்கினால் சிகிச்சை முழுசாக முடியும்.

அமெரிக்காவின் ஹூஸ்டனில் உணவுக்குழாய்ப் புற்றுக்குக் கீமோவோடு புரோட்டானா எக்ஸ்-கதிரா என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு 2020-இல் வந்தது. மூன்று ஆண்டு நோய் பெருகாமல் இருந்தவர்கள் இரண்டு பக்கமும் ஏறத்தாழ 51 சதவீதம், வித்தியாசமே இல்லை. ஆனால் பக்கவிளைவுகளின் மொத்தச் சுமை எக்ஸ்-கதிர் பக்கம் 2.3 மடங்கு. ஆய்வு திட்டமிட்டதற்கு முன்பே முடித்துக்கொள்ளப்பட்டது, ஆட்களும் குறைவு. என்றாலும் செல்லில் ஒரே வலு, உடம்பில் வேறு சுமை என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டிய ஆய்வுகள் குறைவு. பென்சில்வேனியாவில் கீமோவோடு கதிர் எடுத்த 1,483 பேரின் பதிவுகளை ஆராய்ந்ததில், 90 நாளுக்குள் கடுமையான பக்கவிளைவு கண்டவர்கள் புரோட்டானில் 11.5 சதவீதம், எக்ஸ்-கதிரில் 27.6 சதவீதம். இது குலுக்கல் ஆய்வு அல்ல, ஆகவே அந்த அளவுக்கே நம்ப வேண்டும். உங்கள் மாமாவுக்கு நெருங்கியது வாய்த்தொண்டைப் புற்றில் 440 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு. நோயைக் கட்டுப்படுத்துவதில் புரோட்டான் எக்ஸ்-கதிருக்குக் குறைந்ததல்ல என்று அதில் தெரிந்தது. விழுங்க முடியாமல் வயிற்றுக்கு உணவு செலுத்தும் குழாய் பொருத்த வேண்டி வந்தவர்கள் 42 சதவீதத்திலிருந்து 28 சதவீதமாகக் குறைந்தார்கள்.

குழந்தைகளிடம் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். மெடுல்லோபிளாஸ்டோமா என்ற மூளைக்கட்டி வந்த குழந்தைக்கு மூளை, முதுகுத்தண்டு முழுவதற்கும் 23.4 கிரே கொடுத்து, கட்டி இருந்த பகுதியை மொத்தம் 54 கிரே வரை கொண்டுபோவது ஒரு வழக்கமான திட்டம். பிறகு சிஸ்பிளாட்டின் உள்ளிட்ட கீமோ மாதக்கணக்கில் போகும். எக்ஸ்-கதிரில் முதுகுக்குக் கொடுப்பது நெஞ்சைத் தாண்டி இதயம், தைராய்டு, குடல் வழியாகத்தான் வெளியேறும். புரோட்டானை முதுகெலும்பின் முன்விளிம்பிலேயே நிறுத்திவிடலாம். இதில் நான் திட்டம் போடும்போது மிகவும் கவனமாகப் பார்ப்பது உள்காதின் காக்லியாவை. ஸ்கேனில் பட்டாணி அளவுகூட இல்லாத சின்ன வட்டம் அது. சிஸ்பிளாட்டின் அங்குள்ள மயிர்ச் செல்களை அழிக்கும், கதிரும் அழிக்கும். முதலில் போவது உயர்ந்த சுருதி. பேச்சில் 'ச', 'ஸ' போன்ற ஒலிகள் குழந்தைக்குத் தெளிவாகக் கேட்காமல் போகும், வகுப்பில் பின்தங்கும். காக்லியாவில் விழும் டோஸில் குறைக்கிற ஒவ்வொரு கிரேயும் மருந்துக்கு விட்டுக்கொடுக்கிற இடம்.

இன்னொன்று லிம்போசைட் என்ற வெள்ளணு வகை. இரத்த அணுக்களிலேயே கதிருக்கு மிக மெலிந்தது, 2 கிரே அளவிலேயே பாதிக்குப் பக்கம் செத்துவிடும். மார்பில் எக்ஸ்-கதிர் வைக்கும்போது இதயம், நுரையீரல் வழியாகப் போகும் இரத்தம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கொஞ்சமாக டோஸ் வாங்கும். கீமோவும் மஜ்ஜையை அடிப்பதால் அவை மறுபடி ஊறி வருவதும் தாமதமாகும். நுரையீரல் புற்றில் கீமோவும் கதிரும் முடிந்த பிறகு டுர்வாலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்து தருவது இப்போது வழக்கம். அந்த மருந்து வேலை செய்ய இந்த அணுக்கள்தான் வேண்டும். உணவுக்குழாய்ப் புற்றில் புரோட்டான் எடுத்தவர்களுக்கு லிம்போசைட் இழப்பு குறைவு என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

இனி மறுபக்கம். புரோட்டான் நிற்கும் இடத்தை நாங்கள் ஸ்கேனை வைத்துக் கணிக்கிறோம். அதில் ஆழத்தின் 3 சதவீத அளவிலும் அதற்கு மேல் ஓரிரு மில்லிமீட்டரும் தவறு வரலாம் என்று வைத்துக்கொண்டுதான் திட்டம் போடுவோம். கீமோ எடுக்கும் நோயாளியின் உடம்பு அப்படியே இருப்பதில்லை. சாப்பிட முடியாமல் எடை குறையும், கன்னம் வற்றும், தலை அசையாமல் இருக்கப் போடும், முதல் நாள் முகத்தோடு ஒட்டியிருந்த முகமூடிக்குள் நான்காவது வாரம் விரல் போகும். தோலுக்கும் கட்டிக்கும் நடுவில் அரை சென்டிமீட்டர் சதை குறைந்தால் எக்ஸ்-கதிருக்கு அது பெரிய விஷயமில்லை. புரோட்டானோ அந்த அரை சென்டிமீட்டரைக் கட்டிக்கு அப்பால் போய்த்தான் நிற்கும், அங்கே தண்டுவடமோ மூளைத்தண்டோ இருக்கலாம். சைனஸில் சளி நிறைந்திருந்தபோது போட்ட திட்டம், சளி வடிந்து காற்று நிரம்பியதும் செல்லாது. நுரையீரலில் மருந்துக்குக் கட்டி வேகமாகச் சுருங்கினால் அதே பிரச்சினை. அதனால் நடுவில் மறுபடி சிடி எடுத்துத் திட்டத்தைத் திருத்துவது புரோட்டானில் கட்டாயம். எந்த மையத்துக்குப் போனாலும், எத்தனை வாரத்துக்கு ஒருமுறை மறு ஸ்கேன் எடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குத் தயங்காமல் பதில் சொல்லும் இடம் நல்ல இடம்.

இந்தியாவில் புரோட்டான் சென்னை தரமணியில் அப்பல்லோவில் 2019-லிருந்து இருக்கிறது. நவி மும்பை கார்கரில் டாடா நினைவு மையத்தின் வளாகத்தில் 2023-இல் தொடங்கினார்கள். கார்பன் இங்கே இல்லை. அதற்கு ஜப்பான், சீனா, ஜெர்மனி, இத்தாலி போன்ற நாடுகளுக்குத்தான் போக வேண்டும், தொண்டைப் புற்றுக்கு அது தேவையும் இல்லை.

மாமா விஷயத்துக்கு வருகிறேன். கட்டி குரல்நாணில் சிறியதாக இருந்தால் கதிர் விழும் பகுதியே சின்னது, புரோட்டானால் பெரிய லாபம் இருக்காது. வாய்த்தொண்டையிலோ மூக்கின் பின்தொண்டையிலோ இருந்து, இரண்டு பக்கக் கழுத்துக்கும் சேர்த்துக் கொடுப்பதாக இருந்தால், இரண்டு வகைத் திட்டத்தையும் போட்டு ஒப்பிட்டுக் காட்டச் சொல்லிக் கேட்பது நியாயம். செலவு பல மடங்கு. காட்டும் வித்தியாசம் அந்தச் செலவுக்குத் தகுந்ததா என்று விழுங்கும் தசை, உமிழ்நீர்ச் சுரப்பி, வாய்க்குழி ஆகிய மூன்றின் டோஸை வைத்துப் பாருங்கள்.

அதைவிட முக்கியம் கீமோவின் அளவு. வாரம் 30 மில்லிகிராமா, மூன்று வாரத்துக்கு ஒருமுறை 100 மில்லிகிராமா என்று உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டர் கணக்கில் மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் 300 பேரை வைத்து ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்துத் தலை, கழுத்துப் பகுதியில் நோய் அடங்கியிருந்தவர்கள் 58.5 சதவீதம், 73.1 சதவீதம். 100 கொடுத்த பிரிவுதான் மேல், பக்கவிளைவும் அங்கேதான் அதிகம். அறுவைக்குப் பிறகு தரும்போது வாரம் 40 என்பது 100-க்குக் குறைந்ததல்ல என்று ஜப்பானில் பின்னர் காட்டினார்கள். ஆகவே மாமாவுக்கு வாரம் எவ்வளவு என்று கேளுங்கள். சிறுநீரகமோ காதோ சிஸ்பிளாட்டினைத் தாங்காது என்றால், டோசிடாக்சல் என்ற வேறொரு கீமோ மருந்தைக் குறைந்த அளவில் கதிரோடு கொடுத்துப் பலன் கண்டதும் டாடாவின் ஆய்வுதான். இந்தத் தேர்வுகள் உங்கள் ஊர் மருத்துவமனையிலேயே கிடைக்கும். புரோட்டானா லினாக்கா என்பதைவிட இவை நோயின் போக்கை அதிகம் மாற்றக்கூடும்.

புரோட்டானுக்குத் தேதி கிடைக்கும்வரை காத்திருக்கலாமா என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். தலை, கழுத்துப் புற்றில் தொடங்கிய சிகிச்சை ஒரு நாள் இழுத்துக்கொண்டு போனாலும் நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 சதவீதம் குறைகிறது என்பது பழைய, உறுதியான கணக்கு. தொடங்குவதைத் தள்ளிப்போடுவதும் நல்லதல்ல. இருக்கிற சில நாளில் காது கேட்கும் சோதனையும், சிறுநீரகத்தைப் பார்க்கும் கிரியாட்டினின் சோதனையும் முடித்துவிடுங்கள். பல் டாக்டரையும் இந்த வாரமே பாருங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் இப்போதே பிடுங்கி, காயம் ஆற இரண்டு வாரம் விட வேண்டும். கதிர் பட்ட தாடையில் பிற்பாடு பல் பிடுங்கினால் எலும்பு ஆறாமல் அழுகிப்போகும் ஆபத்து உண்டு, புரோட்டான் கொடுத்திருந்தாலும் அப்படித்தான்.